ரெண்டாம் நாளுக்குத் தண்ணி

மலைக்குப் போவதென்று முடிவு செய்ததும் நான் முதலில் வாங்கியது ஷூ இல்லை, பை இல்லை. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், ஆறு. கடைக்காரர், "ஏனுங்க, ஊட்டுல விசேசமுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறும் ஒரே ஆள் ஒரே நாளில் குடிக்கத்தான் என்று சொன்னால், அப்புறம் அந்த ஆளைப் பற்றிய கதை பூராவும் சொல்ல வேண்டி வரும்.

கதை ஒன்றும் பெரிசில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயசு. கல்யாணம் ஆகவில்லை; ஏன் ஆகவில்லை என்று கேட்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி மூணு நாலு பதில் வைத்திருக்கிறேன். துடியலூரில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா பன்னெண்டு வருசம் படுத்த படுக்கை. தினமும் அவளுடைய விரிப்பை அலசி மொட்டை மாடியில் காயப்போடும்போது எதிரே மலை நிற்கும். ஒரு எட்டில் போய்விட்டு வந்துவிடலாம் போல அவ்வளவு கிட்டத்தில் தெரியும். பன்னெண்டு வருசத்தில் ஒரு நாள் போனதில்லை, அம்மாவை விட்டுவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்க முடியாது. போன வருசம் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை. கேட்க சுகமாகத்தான் இருக்கிறது. இருந்து பார்த்தால்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

வேலை, சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில். சர்வீஸ் பிரிவில் போன் எடுக்கிறவள் நான். இந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது, போனைக் கீழே வைக்க விடவில்லை. "மோட்டார் நல்லாத்தான் ஓடுதுங்க அம்மணி, தண்ணி மட்டும் வர மாட்டேங்குதுங்க" என்பார்கள். மோட்டாரில் கோளாறில்லை, போர்க்குழியில் தண்ணியில்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் "ஆள் அனுப்பறோமுங்க" என்பேன். "சரிங்க, ரொம்ப சந்தோசமுங்க" என்பார்கள். இப்படி நாள் பூராவும் தண்ணி இல்லை, தண்ணி இல்லை என்று காதில் விழுந்துகொண்டிருக்கிற வருசமாகப் பார்த்து எனக்கு மலையேறுகிற கிறுக்குப் பிடித்தது. "அடுத்த மழை பேஞ்சு பச்சைப் பசேல்னு ஆகட்டும், அப்பப் போலாமே" என்று நல்லவிதமாகச் சொன்னவர்கள் உண்டு. பன்னெண்டு வருசம் பொறுத்தவளுக்கு இன்னொரு மழைவரைக்கும் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் தாண்டி அடிவாரத்தில் இருக்கிற ரேஞ்ச் ஆபீசில் போய் விசாரித்தேன். இந்தப் பக்கம் ஏறி, காட்டுக்குள் ரெண்டு ராத்திரி தங்கி, மூணாம் நாள் அக்கட்டாலே இறங்குகிற வழி ஒன்று இருக்கிறது. தீப்பிடிக்கிற காலம் தொடங்கினால் காட்டை அடைத்துவிடுவார்கள். அடைப்பதற்குள் அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும். இந்தத் தடவை விட்டால் அப்புறம் நான் போகவே மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னை எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து அம்மா படுத்த கட்டிலிலேயே நானும் படுத்துவிடுவேன். அந்தப் பயம்தான் என்னைக் கிளப்பியது.

கூட வரப்போகிற வழிகாட்டி ஆபீஸ் வாசலிலேயே இருந்தார். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மனுசன், நாற்பது வயசு இருக்கும். ஒத்தைப் பொம்பளையா, இந்த வயசிலயா என்றெல்லாம் கேட்கவில்லை. "எத்தனை தண்ணி தூக்குவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஏனுங்க, மலையில தண்ணி இருக்காதுங்களா?"

"மொத நாளுக்கு ஓடை இருக்குதுங்க. மூணாம் நாள் மத்தியானம் ஒரு ஊத்து வரும், அது எந்தக் காலத்துலயும் வத்தாது. நடுவுல ரெண்டாம் நாள் இருக்குது பாருங்க, அன்னைக்கு ஒரு சொட்டுக் கெடையாது. எப்பவும் தண்ணி நிக்கற குட்டை, போய்ப் பாத்தேன், காஞ்சு வெடிச்சுக் கெடக்குது. ஆளுக்கு ஆறு லிட்டர். அவங்கவங்க தண்ணி அவங்கவங்க முதுகுல. ஒருத்தர் தண்ணியை இன்னொருத்தர் கேக்கக் கூடாது. கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"கேட்டாலுமா?"

"குடுத்தீங்கன்னா அப்பறம் ரெண்டு பேரையும் நாந்தான் தூக்கோணுமுங்க."

எனக்கு அது தொண்டைக்குள் இறங்கவே இல்லை. எங்கள் பக்கம் வாசலில் யார் வந்து நின்றாலும், எதுக்கு வந்தீங்க என்று கேட்பதற்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணி கையில் கொடுத்தாக வேண்டும். பகையாளியாக இருந்தாலும் அதில் மாற்றம் இல்லை. குடித்து முடித்த பிறகு வேண்டுமானால் சண்டை போட்டுக்கொள்ளலாம். தண்ணி கேட்டவனுக்கு இல்லையென்று சொல்வதை நான் கற்பனைகூடப் பண்ணிப் பார்த்ததில்லை. சரி, கூட வரப்போகிறவர்கள் இரண்டு பேர், அவர்களும் ஆறாறு தூக்கிக்கொள்ளட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த இரண்டு பேர் என் ஆபீசில் கூட வேலை செய்கிறவர்கள், என்னைவிடச் சின்ன வயசு. மலை என்று வாயெடுத்த உடனே, "கண்டிப்பா வாரோமுங்க அக்கா" என்று குதித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மூணு பேரும் உட்கார்ந்து ஒரு வாரம் திட்டம் போட்டோம். காட்டில் சருகு அத்தனையும் காய்ந்து கிடக்கிறது, தீக்குச்சி உரசக் கூடாது. அடுப்பு கிடையாது, டீ கிடையாது. அப்படியானால் அடுப்பில்லாத மூணு நாள் சாப்பாடு. அரிசிம்பருப்புச் சோறு இல்லாமல் மூணு நாளா என்று ஒருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவல் என்றேன். அவல் நனையத் தண்ணி வேண்டுமே என்றாள் மற்றவள். அதுவும் வாஸ்தவம்தான், ஆறு லிட்டரில் அவலுக்கு ஒரு பங்கா? சப்பாத்தி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் என்று வந்து நின்றோம். ஊறுகாய், மிக்சர், தட்டுவடை மூணும் வேண்டாம், உப்பு தின்றால் தண்ணி கேட்கும் என்று வழிகாட்டி போனில் சொன்னார். தட்டுவடை போனதில்தான் அவர்கள் இரண்டு பேருக்கும் பாதி உயிர் போய்விட்டது.

மீதிப் பாதி ஒவ்வொரு நாளாகப் போனது. ஒருத்திக்கு மாமியார் முழங்கால். இன்னொருத்திக்குப் பையன் பரீட்சை. "முடியாதுங்க அக்கா" என்று இரண்டு பேரில் ஒருத்தியாவது சொன்னாளா? ஊகூம். எங்கள் ஊரில் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டுமென்றால் வெளியூர் ஆளைத்தான் கூட்டிக்கொண்டு வர வேண்டும். "பாக்கறேனுங்க அக்கா", "எப்படியாவது வந்தர்றேனுங்க அக்கா" என்று கடைசிவரைக்கும் சொன்னார்கள். ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டப்பா எள்ளுருண்டை செய்து கொண்டுவந்து, "மலைக்கு எடுத்துட்டுப் போங்க அக்கா" என்று வைத்தார்கள். அதுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். கோபம் வந்தது, ஆனால் எள்ளுருண்டையைத் திருப்பிக் கொடுக்கிற கோபம் இல்லை. அவர்கள் பார்த்தாக வேண்டிய ஆள்கள் வீட்டில் இருக்கிறார்கள், என்ன பண்ணுவார்கள் பாவம்.

ஒத்தை ஆளானாலும் வழிகாட்டி கூட இருந்தால் விடுவார்கள் என்று தெரிந்ததும், சரி, தூக்கிப் பழகலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு நாள் விடிவதற்கு முன்னால் ஆறு பாட்டிலையும் நிரப்பிப் பையில் போட்டு, துடியலூரிலிருந்து மருதமலைக்கு நடந்தே போனேன். அடிவாரத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு படியேறினேன். அன்றைக்குக் கிருத்திகை என்பது எனக்கு ஞாபகமே இல்லை. கூட்டமான கூட்டம். நூறு படி ஏறுவதற்குள் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி ஆகி, ஓரமாக உட்கார்ந்து ஒரு பாட்டிலை வெளியே எடுத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பைக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கிருந்துங்க கொண்டு வாரீங்க?"

"துடியலூருங்க."

"நடந்தேவா?"

"ஆமாங்க."

"அட சாமி! தீர்த்தமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டு இரண்டு கையையும் குவித்து நீட்டிவிட்டார். தீர்த்தக்குடம் எடுத்து நடந்து வருகிறவர்களைப் பார்த்துப் பழகின ஊர். வெறுங்காலோடு, முதுகு வளையத் தண்ணி சுமந்துகொண்டு ஒருத்தி மலையேறினால் வேறு எதுக்கென்று நினைப்பார்கள்? நீட்டின கையைப் பார்த்துக்கொண்டு, இது எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணிங்க என்று எப்படிச் சொல்வது? ஊற்றினேன். அந்த அம்மா குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். அவ்வளவுதான், பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். அஞ்சு பாட்டில் காலி. ஒரு பெரியவர் வீட்டில் இருக்கிற சீக்காளிக்கு என்று சொல்லி ஒரு பாட்டிலையே வாங்கிக்கொண்டு போனார். கடைசியாக வந்த ஒரு பொண்ணு குடித்த பிறகும் போகாமல், என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அம்மா போன பிறகு என்னை யாரும் தொடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் இடிபடுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பன்னெண்டு வருசம் ஒரு உடம்பைப் புரட்டி, துடைத்து, தலை வாரி, நகம் வெட்டி விட்ட கை இது. ஒரு வருசமாக இந்தக் கைக்கு வேலையில்லை. படியோரத்தில் உட்கார்ந்து அழுதேன். வேர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன், தீர்த்தம் கொண்டுவந்தவள் அழுதால் அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். பாவமோ புண்ணியமோ முருகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று காலிப் பாட்டில்களோடு இறங்கி வந்தேன். வழிகாட்டியிடம் போனில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ரெண்டாம் நாளும் இப்படியே குடுத்துப்போட்டீங்கன்னா என்ன பண்றதுங்க?" என்றார்.

காடு அடைக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. விண்ணப்பம் கொடுக்க அதுதான் கடைசி நாள். லீவு போட்டுவிட்டு ரேஞ்ச் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி படிவத்தைக் கொடுத்தார். பேர், வயசு, ரத்த வகை எல்லாம் மளமளவென்று எழுதினேன். அதற்குக் கீழே, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய ரத்த உறவினர், உறவு முறை, கைபேசி எண் என்று ஒரு கட்டம். அங்கே பேனா நின்றுவிட்டது.

ரத்த உறவு என்றால் எனக்கு ஒரே ஒரு ஆள்தான். அண்ணன். சென்னிமலையில் பெட்ஷீட் தறி போட்டிருக்கிறான். அம்மா கிடந்த பன்னெண்டு வருசமும் மாசத்துக்கு ஒரு தடவை ஒரு பை பழத்தோடு வருவான், அரை மணி நேரம் உட்காருவான், காப்பி குடிப்பான், போவான். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மாவின் கருமாதி அன்றைக்கு, பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இனி உனக்கென்ன அம்மணி, ப்ரீதானே" என்றான். நல்லவிதமாகத்தான் சொன்னான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "விருந்துக்கு வர்ற ஒறம்பரை மாதிரி வந்து காப்பி குடிச்சுட்டுப் போனவனுக்கு அது எப்படித் தெரியும்? அம்மா முதுகுப் புண்ணை ஒரு நாள் பாத்திருக்கறயா நீ?" என்று பந்தி பூராவும் கேட்கிற மாதிரிக் கத்திவிட்டேன். பாதி இலையில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனவன்தான். அதோடு சரி. மூத்தவன் அவன், அவன்தானே கூப்பிட வேண்டும் என்று நான் இருந்தேன். ஒரு வருசம் அவன் கூப்பிடவில்லை.

அவன் பேரை எழுத மனசு வரவில்லை. என் பையில் இன்னொரு போன் இருந்தது; லீவு நாளிலும் விவசாயிகள் கூப்பிடுவார்கள் என்று ஆபீசில் கொடுத்தது. அந்த நம்பரை எழுதினேன். உறவு முறை என்ற இடத்தில், சித்தி மகள் என்று போட்டேன். எனக்குச் சித்தியே கிடையாது.

அதிகாரி படிவத்தைப் படித்துப் பார்த்தார். அப்புறம் தன் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார். சரிபார்ப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் பைக்குள் மணி அடித்தது. மூளை வேலை செய்வதற்கு முன்னால், இத்தனை வருசப் பழக்கத்தில் கை தானாகப் போய் எடுத்துவிட்டது. "வணக்கமுங்க, சொல்லுங்க" என்றேன்.

"வணக்கமுங்க" என்றார் அவரும், பழக்கதோசத்தில். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரும் காதில் போனை வைத்துக்கொண்டு ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். வாசலில் நின்ற வழிகாட்டி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

அவர் திட்டவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "உங்க ஊட்டுல வேற யாரும் இல்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு ரெண்டு காதிலும் கேட்டது.

"இல்லீங்க."

"சொந்தத்துல?"

நான் கையிலிருந்த போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. மேல என்னமாச்சும் ஆச்சுன்னா நாங்க யாருகிட்டீங்க சொல்றது? அந்தக் கட்டம் காலியா இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

சித்தி மகளை அடித்துவிட்டு அண்ணன் பேரை எழுதினேன். நம்பர் மனப்பாடம். அதிகாரி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார், ஒரு கையில் பேனா இருந்தது அவருக்கு. ரெண்டு தடவை மணி அடித்ததும் அண்ணன் எடுத்துவிட்டான். பின்னால் தறிச் சத்தம் தடதடவென்று கேட்டது.

"வணக்கமுங்க, பாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸ்லிருந்து பேசறேனுங்க. துடியலூர்ல இருக்கற அம்மணி உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"என்ற தங்கச்சிங்க." அதற்கப்புறம் ஒரு நொடி தறிச் சத்தம் மட்டும். "ஏனுங்க, என்னாச்சுங்க? எங்கீங்க இருக்குது? உசுரோட இருக்குதுங்களா? சொல்லுங்க சாமி!" பதிலுக்குக்கூட நிற்காமல் யாரிடமோ கத்தினான். "வண்டிச் சாவியெடு! தறியை நிறுத்து, வண்டிச் சாவியெடு!"

"அட, ஒண்ணும் ஆகலீங்க, வெசனப்படாதீங்க. நல்லா இருக்காங்க. மலையேற அனுமதி கேட்டிருக்காங்க. அவசரத்துக்கு உங்க நம்பர் குடுத்திருக்காங்க, சரிதானான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

தறி நின்றுவிட்டது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"என்ற நம்பரா குடுத்திருக்குது?"

"ஆமாங்க."

"அதுவேவா குடுத்துச்சு?"

"அவங்களேதானுங்க."

"பக்கத்துல இருக்குதுங்களா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. வாயைத் திறந்தால் அழுவேன், இல்லையென்றால் சண்டை போடுவேன். எனக்குத் தெரிந்தது அந்த ரெண்டும்தான்.

"இல்லீங்க, வெளிய போயிருக்காங்க" என்றார் அவர்.

"அது என்கிட்டப் பேசறதில்லீங்க. ஒரு வருசமாச்சு. நானும் கூப்பிடலாம்னு போனைக் கையில எடுப்பேன். எந்த மொகத்தை வெச்சுட்டுக் கூப்பிடறதுங்க? அது சொன்னது ஒண்ணும் பொய் இல்லீங்களே." அதோடு வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். "ஏனுங்க, இந்த வருசம் மேல தண்ணியே இல்லைன்னு சொல்றாங்களே. நெறையாத் தண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. அப்பறம் வேணும்னே எடுக்காமப் போகும்."

"சரிங்க, சொல்றேனுங்க."

போன் நின்றது. அதிகாரி படிவத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு, தானே யோசித்துச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"மேல தண்ணி இல்லீங்க அம்மணி. நெறையாத் தண்ணி எடுத்துட்டுப் போங்க."

"சரிங்க" என்றேன். "எடுத்துட்டுப் போறேனுங்க."